நான்கு வாரம் ஆங்கிலம், ஒரு மாலை பறை

சென்ற பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு எங்கள் மாலைநேரப் பயிற்சி மையத்துக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் வந்தது. வெளிநாட்டு இளைஞர்களைத் தன்னார்வ ஆசிரியர்களாக இங்கே அழைத்துவரும் ஒரு முகவர் நிறுவனம் அனுப்பியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து இரண்டு பெண்கள் வருகிறார்கள். நான்கு வாரம் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவார்கள். சனி, ஞாயிறுகளில் அவர்களுக்கு 'உள்ளூர்ப் பாரம்பரிய அனுபவம்'. மயிலாப்பூர் கோயில், மாமல்லபுரம், முட்டுக்காடு தட்சிணசித்ரா, பட்டுப்புடவை, கோலம், தலைவாழை இலையில் சைவச் சாப்பாடு என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். கடைசி வெள்ளிக்கிழமை மாலைக்கு நேராக 'பறை இசை, உள்ளூர் மக்களுடன்' என்று இருந்தது. அதற்கு ஏற்பாடு செய்யவேண்டியவர்கள் நாங்கள்.

ஆக, இந்த மண்ணின் பாரம்பரியத்தில் நமக்கென்று ஒரு மாலை ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற நாட்களெல்லாம் வேறு யாருடைய பாரம்பரியமோ. தமிழர் சாப்பாடு என்றால் சாம்பார், அப்பளம், பாயசம். ஞாயிற்றுக்கிழமை நம் தெருவில் எந்த அடுப்பில் என்ன வேகிறது என்று அந்த நிரலை எழுதியவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் விட்டிருக்கிறார்.

எங்கள் மையம் தாம்பரத்துக்குக் கிழக்கே, ஊரும் காலனியும் இன்னும் தனித்தனியாகவே இருக்கும் ஒரு பகுதியில் இருக்கிறது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. அடுக்குமாடிகள் ஏரிக்கரை வரை வந்துவிட்டன. ஆனால் சுடுகாட்டுப் பாதை எது, யாருக்கு எது என்பதில் மாநகராட்சி எதையும் மாற்றிவிடவில்லை. இந்தக் காலனியில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்தில் அவரைப்போல் பறை அடிக்க ஆள் இல்லை என்பார்கள். நிரலைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் அவரிடம்தான் போனோம். அது எங்கள் தவறு. சமூகவியலில் முதுகலை படித்தும், கேட்பதற்கு முன் யோசிக்கத் தோன்றவில்லை.

அவர் கோபப்படவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "அத நான் எறக்கி வெச்சு இருவத்தஞ்சு வருசம் ஆச்சுப்பா. ஊருல சாவு வுழுந்தா ராத்திரின்னு பாக்காம வந்து கூப்புடுவான். போயி நிக்கணும். பொணம் எடுக்கற வரைக்கும் அடிக்கணும். காச கையில குடுக்கமாட்டான், கீழ போடுவான். குனிஞ்சு பொறுக்கணும். எம் பையன் அத பாத்துட்டு ஒரு நாளு அழுதான். அன்னிக்கு எறக்கி வெச்சேன். இப்ப வெள்ளக்காரிக்காக எடுக்கச் சொல்றியா?"

நாங்கள் பேசாமல் எழுந்து வந்தோம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பெரியவரின் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், காலனியின் பறைக்குழுவில் ஆடுகிறாள். ஏப்ரல் 14 என்றால் முதல் ஆளாக நிற்பாள். தாத்தா இறக்கிவைத்ததைப் பேத்தி எடுத்திருக்கிறாள், இருவருக்கும் இதில் இன்றுவரை பேச்சு சரியில்லை. "அவரு அடிச்சது ஊரு கூப்பிட்டு. நாங்க அடிக்கிறது எங்களுக்காக" என்பது அவள் கட்சி. "தோலு ஒண்ணுதானே" என்பது அவர் கட்சி. பறை அடிமைத்தொழிலின் அடையாளமா, விடுதலையின் இசையா என்று நம் இயக்கங்களுக்குள்ளேயே பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. நாங்கள் பேத்தியின் பக்கம்தான், ஆனால் பெரியவரின் கேள்விக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. ஒரு வீட்டுக்குள்ளேயே முடிவாகாத விஷயத்தை ஒரு மாலை நிகழ்ச்சியாக்கி, கைதட்டி, படம் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

வந்த பெண்களைக் குறை சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. ஒருத்திக்குப் பத்தொன்பது வயது. இருவரும் அந்த நிறுவனத்துக்கு நல்ல தொகை கட்டித்தான் வந்திருந்தார்கள். அதில் மையத்துக்கு வந்து சேர்ந்தது இரண்டு பெட்டி வண்ணப் பென்சில். கொசுக்கடியிலும் மின்வெட்டிலும் ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், தமிழிலேயே நான்கு வார்த்தைக்கு மேல் பேசாதவன், மூன்றாவது வாரத்தில் எழுந்து நின்று தன் கோழியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினான். இலக்கணம் ஒன்றும் சரியில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். அதை நாங்கள் குறைத்து மதிப்பிட மாட்டோம்.

ஆனால் நான்கு வாரம் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். முந்தைய ஆண்டும் இருவர் வந்து போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டும்தான். ஒவ்வொரு முறையும் பாடம் 'உன் பெயர் என்ன' என்பதில்தான் தொடங்குகிறது. தலை, தோள், முட்டி என்று தொட்டுக் காட்டும் பாட்டை எங்கள் பிள்ளைகள் மூன்று வெவ்வேறு நாட்டு உச்சரிப்பில் பாடுவார்கள். அதைத் தாண்டி ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு வந்தவர்கள் குறைவு. பள்ளியில் ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கவேண்டிய இடத்தில், விருந்தாளிகளை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர் இடம் காலி என்று நாம் மனு கொடுக்கப் போனால், "உங்களுக்குத்தான் வெளிநாட்டு டீச்சரே வராங்களே" என்று ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னதும் நடந்தது.

வெளிநாட்டவர் வந்து சேரிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது நமக்குப் புதிதல்ல. தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில், அடையாற்றில் அதன் பழைய சுவடு ஒன்று இன்னும் இருக்கிறது. அமெரிக்கரான கர்னல் ஆல்காட் 1894-இல் பறையர் பிள்ளைகளுக்காக அங்கே இலவசப் பள்ளி தொடங்கினார். கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் விரிந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். சாரா பால்மர் போன்ற அமெரிக்கப் பெண்கள் கடல் கடந்து வந்து இந்தப் பள்ளிகளைக் கவனித்துக்கொண்டார்கள். நான்கு வாரத்துக்கு வந்தவர்கள் அல்ல, ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள். நம் பிள்ளைகளைத் தெருவில் நடக்கவிடாத காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்துக்குள் அவர்களை உட்காரவைத்ததற்கு என்ன நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் அந்தப் பள்ளிகளை ஆல்காட்டின் கருணையாக மட்டும் எழுதுவது பாதி வரலாறு. இந்த மக்களிடையே கல்விக்கான தாகமும் அமைப்பும் அதற்கு முன்பே இருந்தன. ஆல்காட்டோடு உறவு வைத்து, பேசி, கேட்டு வாங்கியவர்களில் முன் நின்றவர் பண்டிதர் அயோத்திதாசர். 1898-இல் அவர் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பாரம்பரியம் என்றால் என்ன என்று அந்நியருக்கு அவர் காட்டிய விதம் வேறு. தீபாவளியை எள்நெய் கண்டறிந்த நாளாகவும், போகியைப் புத்தரின் நினைவு நாளாகவும் வாசித்தவர் அவர். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்விளக்கமும் இன்று நிற்குமா என்பது ஆய்வாளர்கள் பார்க்கவேண்டியது. நமக்குப் பிடித்தது அவருடைய துணிச்சல். உங்கள் பண்டிகைக்கு நீங்கள் சொல்லும் கதை ஒன்றுதான் கதையா என்று கேட்டார். மயிலாப்பூருக்கு அழைத்துப் போகும் வண்டி இராயப்பேட்டையில் ஏன் நிற்பதில்லை என்று நாங்கள் கேட்பதும் அதே கேள்விதான்.

ஆல்காட்டின் ஆங்கிலத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. 1902-இல் அவர் எழுதிய சிறுநூலைப் படித்தால் தெரியும். பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதப் படிக்க, கணக்கு, சமையல், தையல். அதோடு வெள்ளையர் வீட்டு வேலைக்குப் போதுமான பேச்சு ஆங்கிலம். பரிவோடு எழுதியதுதான். ஆனாலும் பட்லராக வருகிறவனுக்கான ஆங்கிலம். அவருக்குப் பின் பிரம்மஞான சபையின் தலைமைக்கு வந்த அன்னிபெசன்ட் 1909-இல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. நம் பிள்ளைகளின் உடல் நாற்றத்தையும் உணவையும் காரணம் காட்டி, மற்ற சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைக்கக் கூடாது என்று வாதாடினார். அண்ணல் அம்பேத்கர் 1945-இல் காங்கிரசையும் காந்தியையும் பற்றி எழுதிய நூலில் அதை நீளமாக எடுத்துப்போட்டுத் தோலுரித்திருக்கிறார். ஆல்காட் பெயரிலான பள்ளி இன்று நிற்கும் பகுதிக்குப் பெயர் பெசன்ட் நகர். நம் ஊரில் பெயர்ப்பலகைகள் இப்படித்தான் வந்து சேர்கின்றன.

பட்லர் ஆங்கிலத்தோடு நம் ஆட்கள் நிற்கவில்லை என்பதுதான் பிள்ளைகளிடம் நாங்கள் சொல்லும் கதை. கடற்கரை வண்டியில் ஏறினால் தாம்பரத்திலிருந்து சில நிலையங்கள் தள்ளி பரங்கிமலை. அங்கே 1883-இல் பிறந்தவர் எம்.சி.ராஜா. பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். 1925-இல் 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி ஆட்சியாளர்களின் மேசையில் வைத்தார். அவர் படித்த கிறித்தவக் கல்லூரி அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது, 1937-இல்தான் தாம்பரத்துக்கு வந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்கா போய் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான் என்று சொல்வதுண்டு. கடல் கடந்துபோய் மொழி சொல்லித் தந்தவர் நம்மிடமும் இருந்திருக்கிறார். பிறகு 1930-இல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போய்ப் பேசினார். எங்கள் மையத்துச் சுவரில் இருவர் படமும் இருக்கிறது. வந்த இரு பெண்களில் ஒருத்தி இவர்கள் யாரென்று கேட்டாள். நிரலில் இல்லாத கேள்வி அது. சொல்ல ஆரம்பித்து அன்றைய வகுப்பே அதில் போய்விட்டது.

நமக்கு ஆங்கிலம் எதற்கு என்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. தாய்மொழிக் கல்வி பற்றி மேடையில் முழங்குபவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் கான்வென்டில் படிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 2010-இல் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்ட முனைந்தபோது பலர் கேலி செய்தார்கள். எங்களுக்குக் கோயில் என்பதில் உடன்பாடு இல்லை. ஆனால் அதற்குப் பின்னிருந்த பசி புரிகிறது. கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் மற்ற இடங்களிலிருந்தும் பிய்த்தெறியப்பட்ட மக்களைப் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் கொண்டுபோய்க் குவித்தார்கள். சில கிலோமீட்டரில் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்கள். அந்தக் கட்டடத்துக்குள் நம் வீட்டுப் பெண்கள் தினமும் போகிறார்கள், கழிப்பறை கழுவ. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு முன்வாசலில் நுழைவதற்கும் பின்வாசலில் நுழைவதற்கும் நடுவே நிற்பதில் பெரிய பங்கு இந்த மொழிக்கு உண்டு. நேர்முகத் தேர்வில் பேச, விண்ணப்பம் எழுத, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்க, உயர் நீதிமன்றத் தீர்ப்பில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆங்கிலம் வேண்டும். பென்சில் பெட்டியும் பாட்டும் அதற்குப் போதாது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டவர் இந்தியாவுக்கு வர மின்னணு சுற்றுலா விசா இருக்கிறது. அதில் வந்தே ஒரு மாதம் வரை ஊதியமில்லாத தன்னார்வப் பணி செய்யலாம், யோகா, இசை, நடனம், சமையல் என்று குறுகியகாலப் பயிற்சியும் எடுக்கலாம். வரட்டும், நல்லது. ஆனால் நம் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளை 2022-இல் திருத்தினார்கள். மொத்தமே 125 இடம், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வு ஆகியவற்றுக்கு இனி உதவி கிடையாது என்றார்கள். அந்த நாட்டுப் பத்தொன்பது வயதுப் பெண் நம் பாரம்பரியத்தை அனுபவிக்க விசா உண்டு. பறைக்குழுவில் ஆடும் நம் பெண் நாளைக்குப் பறையைப் பற்றி அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய வேண்டுமென்றால் இந்த உதவித்தொகை இல்லை. உள்நாட்டிலேயே படிக்கலாமே என்று காரணம் சொன்னார்கள். நம்மைப் பற்றி நாம் வெளியே போய்ப் பேசினால் யாருக்கு உறுத்தும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு வருகிறோம். பறை நிகழ்ச்சி இல்லை என்று நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டோம். அவர்களுக்கு வருத்தம். மாற்றாக என்ன செய்வது என்று பிள்ளைகளிடமே விட்டோம். பெரியவரின் பேத்திதான் யோசனை சொன்னாள். அந்த இரு பெண்களுக்கும் நாம் நம் இடத்தைச் சுற்றிக் காட்டுவோம், ஆங்கிலத்தில், படம் எடுக்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்றாள். ஒரு வாரம் உட்கார்ந்து அகராதியைப் புரட்டித் தயார் செய்தார்கள். சொல்ல வேண்டியது இருந்தபோது சொற்கள் எவ்வளவு வேகமாக வந்தன என்பதை நாங்கள் அந்த வாரம் பார்த்தோம்.

மையத்திலிருந்து கிளம்பி காலனித் தெரு, தண்ணீர்த் தொட்டி, நம் சுடுகாட்டுக்குப் போகும் பாதை, மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கும் இடம், 1892-க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் நமக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் யார் யார் கைக்குப் போனது என்ற கதை, அதில் இப்போது நிற்கும் மனைப்பிரிவின் வண்ண வளைவு. கடைசியில் ஊர் எல்லை டீக்கடை. பெயர்ப்பலகையில் 'காலனி' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அந்தப் பத்தொன்பது வயதுப் பெண், இங்கே வெள்ளைக்காரர்கள் குடியிருந்தார்களா என்று கேட்டாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேத்தி சொன்னாள்: இல்லை, அது உங்கள் சொல், ஆனால் எங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம், நாங்கள் இருக்கும் இடத்துக்கு அந்தப் பெயர், அதைச் சொன்னாலே எங்கள் சாதி தெரிந்துவிடும். வசைச்சொல்லாகிவிட்ட இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பலகை இன்னும் அப்படியே இருக்கிறதே என்றாள் அந்தப் பெண். ஆமாம் என்றாள் இவள்.

பிறகு, உங்கள் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்டான். அவள் உடனே பதில் சொல்லவில்லை. தன் ஊரில் ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் ரோமா மக்கள் ஊருக்கு வெளியே வண்டிகளில் இருப்பார்கள் என்றும், அந்தப் பக்கம் போகாதே என்று தன் அம்மா சிறுவயதில் சொல்லியிருக்கிறார் என்றும் மெதுவாகச் சொன்னாள். அதுவரை இதை யோசித்ததில்லை என்றாள். நான்கு வாரத்தில் அவள் நம் பிள்ளைகளோடு பேசிய பேச்சில் எங்களுக்கு நினைவில் நிற்பது இதுதான்.

அன்று இரவு அவர்களைப் பேத்தியின் வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். சோறும் மாட்டுக்கறிக் குழம்பும். பெரியவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். பறை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இந்த மாதம் அதே நிறுவனத்திடமிருந்து அடுத்த குழுவுக்கான நிகழ்ச்சி நிரல் வந்திருக்கிறது. 'பறை இசை' போய் அந்த இடத்தில் 'சேரி நடைப்பயணம்' என்று போட்டிருக்கிறார்கள், தலைக்கு இவ்வளவு என்று கட்டணத்தோடு. நாங்கள் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவளே உட்கார்ந்து ஆங்கிலத்தில் பதில் எழுதினாள். நான்கு வாரத்துக்கு ஆள் வேண்டாம், குறைந்தது ஓர் ஆண்டு இருக்க முடிகிறவர், முறையான விசாவோடு வந்தால் வரட்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கு எழுத்து ஆங்கிலம் நடத்த வேண்டும். வருபவர் வாரம் இரண்டு நாள் எங்களிடம் தமிழ் படிக்க வேண்டும். எங்கள் தெருவுக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் இரண்டு எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினோம். மூன்று வாரம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை.